மேலாளர் பேச்சும் புது கேமராவும்

கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடுக்கும் இசக்கியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடியோகிராபர் சங்கக் கூட்டத்துக்குப் புது கேமராவோடு வந்த கம்பெனி மேலாளர், "இதைத் தொடாமலே, உள்ளே படம் பிடிக்கிற சென்சார்ல ஒரு குறை சொல்லுங்க. முடியலைன்னா எல்லாரும் இதைத்தான் வாங்கணும்" என்று சவால் விட்டிருந்தார். சங்கத் தலைவரும் தலையாட்டிவிட்டார்.

இசக்கியம்மாள் எழுந்தாள்.

"சார், உங்க விளக்கத்தை இதுலயே பதிவு பண்ணுங்க. வராதவங்களுக்குப் போட்டுக் காட்டுறோம்."

மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேமராவை ஓடவிட்டுப் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்தாவது நிமிடத்தில் சென்சார் சூடேறி, கேமரா தானாக அணைந்தது.

"எங்க ஊர்ல ஐயர் உட்கார்ந்தா தாலி கட்ட ஒரு மணி நேரம் ஆகும் சார். அதுவரை தாங்குற சென்சார் வந்தா சொல்லி அனுப்புங்க" என்றாள்.

தலைவர்தான் முதலில் சிரித்தார். சங்கமே எழுந்து சாப்பிடப் போனது.