தேரிக்காட்டு ஒலிப்பதிவு

"டீச்சர், எவ்வளவு போட்டாலும் என் இசை நிறைய மாட்டேங்கு," என்றார் ஆதிலிங்கம்.

ஜெபராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கீங்க, அண்ணாச்சி?"

"அடியில செம்மணல் தேரியோட ராத்திரி. நானே போய்ப் பதிஞ்சது. அதுக்கு மேல சிந்தசைசர். கடல் இரையுற மாதிரி கனமா ஒரு சத்தம். அதுக்கு மேல, மணி அடிச்சு ஓஞ்ச பிறகு காத்துல நிக்குமே, அந்த ரீங்காரம். அதுக்கும் மேல..."

"போடுங்க, கேப்போம்."

ஆதிலிங்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாண வீடுகளிலும் கோயில் கொடை விழாக்களிலும் கீபோர்டு வாசித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஜெபராணிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். இரவின் ஓசைகளைப் பதிவுசெய்து, அவற்றோடு சிந்தசைசரை இழைத்து, தாளமும் சொல்லும் இல்லாத நீண்ட இசையைச் செய்கிறவள்.

கடற்கரையோரம் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனியின் குளிர் அறைதான் அவள் வேலை செய்யும் இடம். தக்கை பதித்த தடித்த சுவர்கள். கதவைச் சாத்தினால் பக்கத்தில் கடல் இருப்பதே மறந்துபோகும்.

அவள் அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே அவளிடம் படிக்க வந்தவர்கள் பலர் சீக்கிரமே நின்றுவிட்டார்கள். ஆதிலிங்கம் நிற்கவில்லை. பேசாத ஒருத்தியின் எதிரே உட்கார்ந்திருப்பது அவருக்கு எதனாலோ பிடித்திருந்தது.

அவர் கொண்டுவந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"மேல இருந்து ஒண்ணைக் கழட்டிட்டு வாங்க."

"கழட்டவா? நிறையலைன்னுல்லா சொன்னேன்."

அவள் அதற்குள் தன் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

ஆதிலிங்கம் ரீங்காரத்தை எடுத்துவிட்டு வந்தார்.

"இன்னொண்ணு," என்றாள்.

அதையும் எடுத்துவிட்டு வந்தார்.

"இன்னொண்ணு."

ஒவ்வொன்றாகக் கழட்டக் கழட்ட இரவு பக்கத்தில் வந்தது. முதலில் சில்வண்டு. பிறகு பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு. பிறகு, காற்று மணலைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும் மெல்லிய ஓசை. யாரோ பாவாடை தரையில் புரள நடந்து போவது போல இருந்தது அது.

ஆதிலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று மனைவி கேட்டதற்கு, "பாட்டு சரியா வரலை," என்றார்.

கடைசியில் கடல் இரைச்சல் ஒன்றுதான் மிஞ்சியது.

"அதையும் எடுங்க."

"அதை எடுத்தா அப்புறம் என்ன இருக்கு, டீச்சர்?"

"அதைத்தான் கேக்கணும்."

அடுத்த முறை வந்தபோது ஆதிலிங்கத்தின் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஜெபராணி கேட்கத் தொடங்கினாள். பாதியில் கண்ணைத் திறந்தாள்.

"இங்க வெட்டியிருக்கீங்க."

"இல்லையே."

"ஒரு சில்வண்டு பாதிச் சத்தத்துல செத்துப்போச்சு."

ஆதிலிங்கம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"நாளைக்கு வெட்டாததைக் கொண்டாங்க."

மறுநாள் அவர் ரெக்கார்டரையே கொண்டுவந்தார். ஜெபராணி கனத்த கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். இருட்டில் ரெக்கார்டரின் சிவப்புப் பொட்டு மட்டும் தெரிந்தது.

தேரி அறைக்குள் வந்தது.

சில்வண்டு. ஓலை. மணல். எங்கோ ஒரு பக்கிக்குருவி, மரத்தில் ஆணி அடிப்பது போல, விட்டு விட்டுக் கத்தியது. பிறகு அது நின்றது. சில்வண்டுகளும் ஒவ்வொன்றாக நின்றன.

"ஆதீ..."

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவன் வாயருகே கையைக் குவித்துக் கூப்பிடும் குரல்.

காற்று.

"ஆதீ..."

இப்போது மேட்டுக்கு இந்தப் பக்கம்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு சில்வண்டு பயந்து பயந்து ஆரம்பித்தது.

"கேட்டுச்சா, டீச்சர்?"

"கேட்டுச்சு."

கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருந்தால் ஆதிலிங்கம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். தன் மூளையில்தான் கோளாறு என்று ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். இப்போது அவருக்குப் போக ஒரு இடமும் இல்லை.

"இந்தப் பதிவுல மட்டுமா?"

"எல்லாத்துலயும். முதல்ல தூரத்துல கேட்டுச்சு. நரின்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்துல வருது."

"அதான் மேல மேல போட்டீங்க."

"ஆமா."

"எத்தனை அடுக்கு?"

"எண்ணலை, டீச்சர்."

"யார் குரல் மேல?"

ஆதிலிங்கம் ரெக்கார்டரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என் தம்பி. சுயம்பு. சின்னதுல இருந்தே என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்."

"வயசுப் பையன் குரலா இருக்கே."

"அதே குரல்தான். கொஞ்சமும் மாறலை. எனக்குத்தான் நரைச்சிட்டு."

பிறகு அவர் சொன்னார். அவர்கள் ஊருக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல் மேடுகள்தான். தேரி என்பார்கள். ஆடிக் காற்றில் நேற்றிருந்த மேடு இன்று இருக்காது. அப்படி ஒரு காற்று நாளில், பட்டிக்குத் திரும்பாத ஆட்டைத் தேடிக்கொண்டு சுயம்பு பொழுது சாயத் தேரிக்குள் போனான். ஆதிலிங்கம் அன்று வெளியூரில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தார். ராத்திரி முழுக்கப் புழுதி. விடிந்து ஊரே போய்த் தேடியது. ஒரு கால்தடம்கூட மிஞ்சவில்லை.

"உடம்பைப் பாக்காம எள்ளும் தண்ணியும் விட மாட்டேன்னுட்டா அம்மா. அவளும் போய்ச் சேந்தாச்சு. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கலை. இருக்கானா இல்லையான்னு ஒரு முடிவு இல்லாம அப்படியே கெடக்கு."

ஜெபராணி விளக்கைப் போட்டாள்.

"நான் என்ன செய்யணும், டீச்சர்?"

"உங்களைத்தானே கூப்பிடுதாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

"ராத்திரி பேர் சொல்லிக் கூப்பிட்டா வாயைத் திறக்கக் கூடாதுல்லா. மூணாவது தடவையும் கூப்பிட்டாத்தான் அது மனுசன். அவன் ரெண்டோட நிறுத்திருதான்."

"ஏன் நிறுத்துதாரு?"

"தெரியலையே."

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

அன்று ராத்திரி அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், தேரியின் விளிம்பில் தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். நிலா இல்லை. இருந்தாலும் மணல் தன் சிவப்பை எப்படியோ வைத்திருந்தது. பனைகள் ஆள் நிற்பது போல நின்றன.

ஆதிலிங்கம் பையைத் திறந்து மைக்கை எடுத்தார். ஜெபராணி அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஹெட்போனையும் வாங்கிக்கொண்டாள்.

"வெறுங்காதோட போங்க, அண்ணாச்சி."

அவர் தனியாக மேட்டில் ஏறினார். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. உச்சியில் போய் உட்கார்ந்தபோது நெஞ்சு அடித்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அது மெல்ல அடங்கியது. சில்வண்டு வந்தது. ஓலை வந்தது. மணல் இழுபட்டது.

இத்தனை நாளும் இந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் எப்போதும் காதை மூடிய ஹெட்போனுக்குள் இருந்துகொண்டு, எப்போது கூப்பிடுமோ என்று பொத்தானில் விரலை வைத்தபடி. இன்று விரலுக்கு வேலை இல்லை. இரண்டு கைகளையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டார். மேல்மணல் குளிர்ந்திருந்தது. உள்ளே இன்னும் பகலின் சூடு இருந்தது.

பக்கிக்குருவி நின்றது.

சில்வண்டுகள் நின்றன.

"ஆதீ..."

உள்ளே கிடந்த சூட்டு மணலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆதீ..."

நான்கு பனை தூரத்தில். அவ்வளவுதான்.

பிறகு அமைதி. ரெக்கார்டரில் எத்தனையோ முறை கேட்ட அதே அமைதிதான். வெறும் இடைவெளி என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். வெறுங்காதில் கேட்டபோது அதற்குள் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கூப்பிட்டவன், பதில் எந்தத் திசையிலிருந்து வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான்.

ஆதிலிங்கம் வாயைத் திறந்தார்.

"சுயம்பூ..."

குரல் மேட்டைத் தாண்டி இருட்டுக்குள் போனது. ஒன்றும் அசையவில்லை.

"நான் இங்கதாம்டே இருக்கேன். அன்னைக்கு ஊர்ல இல்லாமப் போய்ட்டேன்."

ஒரு பனையோலை திரும்பியது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் எதைச் சொல்வது? அம்மா போனதையா, வீட்டைக் காரை வீடாகக் கட்டியதையா? எல்லாவற்றுக்கும் முன்னால் அவனுக்குத் தெரிய வேண்டிய சேதி ஒன்று இருந்தது.

"ஆடு மறுநாள் காலைலயே தானா வந்துட்டுடே," என்றார். "இனி தேட வேண்டாம். வீட்டுக்கு வா."

அதைச் சொன்னதும் அவருக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதார். தேரியில் அவரை யார் கேட்கப் போகிறார்கள்?

அழுது முடித்து எழுந்து, மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினார்.

காலை எடுத்து வைத்தார். மணல் சறுக்கும் ஓசை கேட்டது. அவர் நின்ற பிறகும் ஒரு அடி சறுக்கியது.

மறுபடி நடந்தார். பின்னாலும் நடந்தது. களைத்துப்போனவனின் நடை. காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை. பின்னால் வருகிறவனுக்குத் தோதாக, நின்று நின்று இறங்கினார்.

கீழே ஜெபராணி ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தாள். மணலில் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள். அவள் பார்வை ஆதிலிங்கத்தின் முகத்துக்கு வந்து, அங்கே நிற்காமல், அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

அவள் வண்டியை விட்டு இறங்கினாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். புது ஆள் முன்னால் நிற்பதுபோல.

பிறகு ஸ்டாண்டைக் காலால் தள்ளினாள்.

"ஸ்கூட்டர்ல மூணு பேர் போக முடியாது, அண்ணாச்சி," என்றாள். "உருட்டிட்டே நடப்போம்."