இலையைத் தின்ற செம்பி

ஆலங்காட்டின் நடுவே விலங்குகள் ஒரு நகரம் கட்டியிருந்தன. அங்கே எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. மயிலையன் என்ற காளை வண்டி இழுத்தான். அணில்கள் கிடங்கில் விதை பிரித்தன. செம்பி என்ற வெள்ளாட்டுக்கு வாய்த்தது மணி அடிக்கும் வேலை.

சாதாரண மணி அல்ல அது. வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் குஞ்சுகளையும் குட்டிகளையும் ஒரு புல்வெளியில் விட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்துப் பாறையில் நின்று செம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பருந்து வந்தால் மணியை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் புதருக்குள் ஓடிவிடும்.

காலையில் செம்பியின் கண்ணுக்கு ஒரு கொசுகூடத் தப்பாது. தொல்லையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்!

அந்த ஊரில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது சட்டம். அதனால் எல்லாக் கடையும் சைவக் கடை. செம்பி ஊருக்கு வந்த புதிதில், பசிக்கிறதே என்று தெருவோர வேலியில் ஒரு வாய் கடித்தாள். அவ்வளவுதான், தெருவே சிரித்தது.

"அடியே பட்டிக்காடு! டவுன்ல வந்து வேலியை மேயுறியே! நாலு பேரு சாப்பிடுற இடத்துல போய்ச் சாப்பிடு!"

ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே! அன்றிலிருந்து செம்பியும் கரடி தொப்பையாவின் மெஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தாள். தொப்பையா நல்லவன். போட்டுப் போட்டே ஆளைச் சாய்த்துவிடுவான். "இன்னும் ஒரு கரண்டி! எனக்காக ஒரு கரண்டி!" என்று நிற்பான். சாப்பிட்டவர்கள் கண் சொக்கி எழுந்து போவதைப் பார்த்து மீசையை முறுக்குவான்.

"என் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுக் கொட்டாவி விடாதவன் இந்த ஊர்ல உண்டா?" என்பது அவன் பெருமை.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. ஒருநாள் பாயசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்துவிட்டு வந்த செம்பி, நின்றபடியே தூங்கிவிட்டாள். பருந்து இறங்கியது! நல்லவேளையாக யானையம்மா பார்த்துப் பிளிறினாள். ஒரு கோழிக்குஞ்சின் வால் இறகு மட்டும் பருந்தின் காலோடு போயிற்று.

புல்வெளிக்குப் பொறுப்பு யானையம்மாதான். செம்பி சாப்பிடப் போகும் நேரத்தில் அவள்தான் வானத்தைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் விசிறி மாதிரி ஆடும்.

"செம்பி! உன்னை நம்பித்தானே ஊரே வேலைக்குப் போகுது? இன்னொரு தடவை கண் அசந்தே, மணியை வேற ஆளுகிட்ட கொடுத்துடுவேன்!"

செம்பி அழுதுவிட்டாள். வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குஞ்சு போயிருந்தால்?

"மயக்கம் தராத சாப்பாடு இந்த ஊர்ல எங்கேயாவது இல்லாமலா போகும்? தேடிப் பார்க்கிறேன்!" என்று கிளம்பினாள்.

முதலில் குரங்கின் பஜ்ஜி வண்டி.

"உடம்புக்கு நல்லதா அண்ணே?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே? வாழைக்காய் சைவம்! மிளகாய் சைவம்!"

"இந்த எண்ணெய்?"

"எண்ணெயும் சைவம்தான் தாயி!"

தின்றாள். சாயங்காலம் வரை நெஞ்சு எரிந்தது. கண்ணில் நீர் கட்டி, வானமே கலங்கித் தெரிந்தது.

மறுநாள் நரியின் கடை. வாசலில் 'ஆரோக்கிய மூலிகைச் சாறு' என்று பலகை தொங்கியது. குடித்தால் வெறும் வெல்லப்பாகு!

"மூலிகை எங்கேய்யா?"

"மேல மிதக்குது பாரு, துளசி!"

ஒரே ஓர் இலை மிதந்தது. அந்த இலை மட்டும் செம்பிக்கு அமிர்தமாக இருந்தது. பாகு குடித்த கொஞ்ச நேரத்துக்குத் துள்ளினாள்; அப்புறம் காலெல்லாம் நடுங்கியது.

"எதுவுமே வேண்டாம்!" என்று ஒருநாள் பட்டினி கிடந்தாள். அது இன்னும் மோசம். பசியில் கண் இருட்டி, பறக்கிற காக்கையெல்லாம் பருந்தாகத் தெரிந்தது. ஒரு காக்கைக்கு மணி அடித்துவிட்டாள். ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் திட்டிவிட்டுப் போனது.

வேறு வழி? அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் தொப்பையாவின் மெஸ்ஸில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் மயிலையன். பரிமாறுகிறவள் கொண்டைக்காரி என்ற கோழி. வால் போன குஞ்சின் அம்மா அவள்தான். செம்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையைப் போட்டாள், தண்ணீர் தெளித்தாள், சோறு எடுக்கப் போனாள்.

தலைவாழை இலை! அப்போதுதான் அறுத்து வந்தது. தண்ணீர் பட்டதும் கமகமவென்று பச்சை வாசம் எழுந்தது. செம்பி அக்கம்பக்கம் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கடி. பிறகு இன்னொரு கடி.

கொண்டைக்காரி சோற்றோடு வந்தாள். இலையைக் காணோம்.

"இப்பத்தானே போட்டேன்?" என்று இன்னொரு இலை போட்டுவிட்டுச் சாம்பார் எடுக்கப் போனாள். திரும்பி வந்தால் அதையும் காணோம்!

மூன்றாவது இலையைப் போட்டுவிட்டுப் போகிறவள்போல் போய், சட்டென்று திரும்பினாள். செம்பியின் வாயோரத்தில் பச்சையாக ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! இலையைத் தின்னுறா!"

மெஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. தொப்பையா கரண்டியோடு ஓடிவந்தான். சாப்பிட்டவர்கள் இலையைத் தங்கள் பக்கம் மடித்தால், சாப்பாடு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மடிப்பைப் பார்க்கத்தான் அவன் தினமும் பந்தியைச் சுற்றி வருவான். செம்பியின் முன்னால் மடிக்க இலையே இல்லை!

"ஏம்மா, என் சோறு வேண்டாம், நான் கழுவிப் போட்ட இலை வேணுமா? என் மானத்தையே வாங்கிட்டியே!"

"என் புள்ளையோட வாலைத் தொலைச்சே! இப்ப என் இலையையும் தொலைச்சிட்டியா?" என்று கொண்டைக்காரி கத்தினாள்.

செம்பி தலையைக் குனிந்தபடி பாறைக்கு ஓடினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஓர் அதிசயம்! வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் உடம்பு பஞ்சாக இருந்தது. கண்ணில் தூக்கத்தின் சாயல்கூட இல்லை.

வெயில் ஏறியது. சாப்பிட்ட ஊர் சாய ஆரம்பித்தது. மயிலையன் வண்டிக்கு அடியில் படுத்தான். தொப்பையா அடுப்படியிலேயே கண்ணை மூடினான். யானையம்மாகூட மரத்தில் சாய்ந்து குறட்டை விட்டாள்.

இந்த ஊரின் சாப்பாட்டு நேரம் பருந்துக்கு அத்துப்படி! சூரியனுக்குள் மறைந்தபடி வந்தது. ஒரு புள்ளி. செம்பி கண்ணைச் சுருக்கினாள். புள்ளிக்கு இறக்கை முளைத்தது.

டண்! டண்! டண்!

பிள்ளைகள் புதருக்குப் பறந்தன. வால் இல்லாத குஞ்சு மட்டும் தடுமாறி விழுந்தது. பருந்து அதைக் குறிவைத்து இறங்கியது. செம்பி பாறையிலிருந்து ஒரே தாவு! குஞ்சு அவள் கால்களுக்கு நடுவே இருந்தது. கொம்புகள் பருந்துக்கு நேராக இருந்தன.

"ஐயையோ! தூங்குற ஆடு முழிச்சிருக்கே!" என்று அலறிக்கொண்டு பருந்து மேலே போயிற்று. திரும்பிப் பார்க்கவே இல்லை.

மணிச்சத்தம் கேட்டுக் கொண்டைக்காரி ஓடிவந்தாள். குஞ்சை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டாள். பிறகு செம்பியின் கழுத்தில் தலையை வைத்து விம்மினாள்.

"ஊரே தூங்கும்போது நீ மட்டும் எப்படிடி முழிச்சிருந்தே?"

"எல்லாம் நீங்க போட்ட இலைதான் அக்கா!"

யானையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இந்த மணியை உன்கிட்டேருந்து எவனும் வாங்க முடியாது!" என்றாள். தான் குறட்டை விட்டதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாள்.

மறுநாள் மெஸ் நிரம்பி வழிந்தது. தொப்பையா மட்டும் மூலையில் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தான்.

"அப்ப என் சமையல் ஊரைத் தூங்க வைக்கத்தானா?"

மயிலையன் தயங்கித் தயங்கி எழுந்தான். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க இலை போடும்போதெல்லாம் எனக்கும் நாக்கு ஊறும். பட்டிக்காடுன்னு சிரிப்பாங்களேன்னு அடக்கிக்குவேன்."

"எனக்கும்தான்!" என்றது மான்.

"எனக்கு உங்க பொரியல்ல போடுற கேரட்டைவிட, நீங்க நறுக்கி எறியுற அதோட தழைமேலதான் கண்ணு!" என்று முயல் கத்தியது.

தொப்பையா வாயைப் பிளந்தான். செம்பி வேலியை மேய்ந்ததைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் வேலிக்கு ஏங்கியவர்கள்தானா! அவனுக்குச் சிரிப்பு வந்தது. தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தான். எழுந்து அடுப்பைக் குறைத்தான். அகத்திக்கீரைக் கட்டு வந்தது. முளைகட்டிய பயறு வந்தது. வெள்ளரிக்காயும் கேரட் தழையும் வந்தன. எல்லாவற்றையும் இளம் இலையில் வைத்து நீட்டினான். காட்டுப்பன்றி மட்டும், "எனக்குப் பழையபடி சோறும் ரெண்டு தடவை ரசமும்!" என்றது. அதற்கும் சந்தோஷமாகப் போட்டான். அதற்குத்தான் மத்தியானத்தில் வேலையே கிடையாதே!

பந்தி முடிந்தது. மடிப்பதற்கு ஓர் இலைகூட மிச்சமில்லை. மத்தியானம் முழுவதும் ஊர் கலகலவென்று இயங்கியது. தொப்பையா மீசையை முறுக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"என் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுக் கொட்டாவி விட்டவன் இந்த ஊர்ல உண்டா?" என்று கேட்டான்.

பாறைமேலிருந்து செம்பி மணியை ஒரு முறை தட்டினாள். பருந்துக்காக அல்ல, சந்தோஷத்துக்காக!

நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து உண்பவன் மயங்கிக் கிடப்பான். தன் வயிற்றுக்கும் வேலைக்கும் ஏற்றதை அறிந்து உண்பவனே விழித்திருந்து ஊரைக் காப்பான்.