இரண்டு பொட்டலம்

பெரம்பூரில், ஒரு மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே, ஸ்டெல்லாக்காவின் பட்டறை இருந்தது. கிட்டார் வாசிக்கிறவர்கள் காலால் மிதித்து ஓசையை மாற்றுவார்களே, அந்தப் பெடல்களைப் பிரித்து, உள்ளிருக்கும் சர்க்யூட்டை நோகாமல் எடுத்து, புதுப் பெட்டியில் குடியேற்றுவது அவள் தொழில். பதினைந்து வருஷம் ரேடியோ கம்பெனியில் சால்டரிங் பிடித்த கை. பேச்சு மட்டும் கம்மி.

அவளிடம் இரண்டு பேர் வேலை கற்றார்கள். குணாளனுக்கு வயது நாற்பத்தொன்று, டிவி மெக்கானிக்காக இருந்தவன், வந்து நாலு வருஷம் ஆகிறது. இம்தியாஸுக்கு முப்பது, இன்வெர்ட்டர் கம்பெனியை விட்டு வந்து எட்டே மாசம்.

இந்த எட்டு மாசமும் குணாளனுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவன் வேலையைப் பார்த்து அக்கா "ம்" என்பாள். இம்தியாஸ் வேலையைப் பார்த்து "ம், சரி" என்பாள். அந்த ஒரு "சரி"யை இவன் மூன்று நாள் மென்றுகொண்டிருப்பான். எனக்கு ஏன் அது இல்லை? நேற்று வந்தவனுக்கு எதற்கு? வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ரூபன் வந்தான். பெரிய மேடைகளில் வாசிக்கிறவன். பையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பழைய பெடல்களை எடுத்து வைத்தான். கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்குகிற வகை. பெட்டி துருவேறி, உள்ளே டிரான்சிஸ்டர்கள் செத்துக் கிடந்தன.

"ரெண்டையும் புதுப் பெட்டியில போட்டுக் குடுங்கக்கா. நாளைக்கு வந்து வாசிச்சுப் பார்ப்பேன். எது நல்லா பாடுதோ அது என்கூட சிங்கப்பூர் வரும். இன்னொண்ணு வீட்ல ஸ்பேர்."

அக்கா ஒன்றைக் குணாளன் முன்னால் தள்ளினாள். மற்றது இம்தியாஸுக்கு.

வேலை செய்தவர் தன் பெயரை மூடியின் உள்பக்கம் எழுதுவது அந்தப் பட்டறை வழக்கம். சிங்கப்பூர் மேடை, ரூபன் காலடி, மூடிக்குள்ளே 'குணாளன்'. இவன் அப்போதே அதைக் கண்ணால் பார்த்துவிட்டான்.

அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் இப்போது லேசில் கிடைப்பதில்லை. பட்டாணி அளவுதான் இருக்கும், வெயிலுக்கு ஒரு குணம், மழைக்கு ஒரு குணம். அக்கா தன் பிஸ்கட் டப்பாவில் கிளறி ஒவ்வொன்றாகச் செருகிக் காதால் கேட்டாள். கடைசியில் இரண்டு ஜோடி தேறின. பேப்பரில் மடித்து, மேலே பெயர் எழுதி, ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தாள்.

குணாளன் தன்னுடையது ஓசையை எத்தனை மடங்கு பெருக்கும் என்று மீட்டரில் செருகிப் பார்த்தான். எண்பத்திரண்டு. மோசமில்லை. ஆனால் இம்தியாஸுக்கு எவ்வளவு?

இந்தக் கேள்வி வந்தபின் கை வேலையில் ஓடுமா?

மதியம் இம்தியாஸ், "அண்ணே, தொழுதுட்டு வந்துடறேன்" என்று கிளம்பினான். அக்கா சாப்பிடப் போனாள். குணாளன் இம்தியாஸின் பொட்டலத்தைப் பிரித்தான். மாடிப்படியில் காலடி கேட்டால் சட்டென்று உருவ வேண்டுமே என்று, டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தபடியே மீட்டரில் வைத்தான்.

எண்பத்தைந்து. தொண்ணூற்றாறு. ஏறிக்கொண்டே போய் நூற்றுப்பத்து.

'அட பாவமே! நாலு வருஷம் நாயா உழைச்சவனுக்கு எண்பத்திரண்டு. எட்டு மாசத்துக்காரனுக்கு நூத்திப்பத்தா?' காது மடலெல்லாம் கொதித்தது. ஜோடியை மாற்றினான். பொட்டலங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தான்.

சனிக்கிழமை ரூபன் வந்து முதலில் குணாளன் பெடலை மிதித்தான். உஸ்ஸென்று ஓர் இரைச்சல். கம்பியை மீட்டினால் சுரம் எழுந்த வேகத்தில் தொண்டை அடைத்துப் படுத்துவிட்டது. குணாளன் குமிழைத் திருகினான், மறுபடி திருகினான். இரைச்சல்தான் கூடியது.

அடுத்து இம்தியாஸ் பெடல். ஒரே சுரம். அது நின்று, நீண்டு, கீழே மிக்ஸிக் கடைக்காரர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிற அளவுக்குப் பாடியது.

"இதான்!" என்றான் ரூபன். அதைப் பையில் போட்டுக்கொண்டு போயேபோய்விட்டான்.

குணாளனுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. இம்தியாஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எனக்குத் தெரியும்ணே."

குணாளனுக்கு உயிர் போய் வந்தது. "என்ன தெரியும்?"

"நேத்து காலையிலேயே என் ஜோடியை அளந்துட்டேன். கரண்ட் ஒழுகுற ஜோடி. தொழுதுட்டு வந்து அக்காகிட்ட கேக்கலாம்னு இருந்தேன். வந்து பார்த்தா பொட்டலத்துல நல்ல ஜோடி இருக்கு. உங்களோடதை எனக்கு வச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லல நீங்க. இந்த மனசு யாருக்குண்ணே வரும்? இருங்க, டீ வாங்கிட்டு வரேன்."

அவன் தடதடவென்று படியிறங்கிப் போனான். குணாளன் மேஜை ஃபேன் பக்கம் நின்றிருந்த அக்காவிடம் திரும்பினான்.

"அக்கா, நான் பெரிய மனசுல மாத்தல."

"தெரியும்."

"நல்ல ஜோடி எனக்குத்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பொட்டலத்து மேல உன் பேரைத்தானே எழுதியிருந்தேன்."

குணாளன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இல்லக்கா. மீட்டர்ல நான் பார்த்தேன். என்னுது எண்பத்திரண்டு. அவனோடது நூத்திப்பத்து. இந்தக் கண்ணால பார்த்தேன். மீட்டரா பொய் சொல்லும்?"

அக்கா அவன் பெடலைத் திறந்தாள். மூடிக்குள்ளே அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. டிரான்சிஸ்டரை உருவி அவனிடம் நீட்டினாள்.

"நேத்து எப்படி அளந்தியோ, அப்படியே அள."

இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து மீட்டரில் வைத்தான். எண்பத்தைந்து. தொண்ணூற்றாறு. நூற்றுப்பத்து.

"பாருங்க! பாருங்கக்கா!"

"கையை எடு."

எடுத்தான். அக்கா ஃபேனை மீட்டர் பக்கம் திருப்பி வைத்தாள்.

இம்தியாஸ் டீயோடு வந்தான். "அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை கம்மி" என்று ஒரு கிளாஸைத் தனியாக எடுத்துக் கொடுத்தான். மூன்று பேரும் குடித்தார்கள். அக்கா கடைசி மிடறு வரைக்கும் நிதானமாகக் குடித்துக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இப்ப படி."

குனிந்து பார்த்தான். "அறுபத்தொன்பது."

"அதான் அதோட அளவு," என்றாள் அக்கா. "முன்னாடி நீ படிச்சது உன் கைச்சூட்டை."