கௌதாரி பேசி முடிக்கவில்லை

கௌதாரி சிமிழியின் முட்டைகளைக் காட்டெருமைக் கூட்டம் மிதித்துவிட்டது. வேண்டுமென்று மிதிக்கவில்லை. அவசரத்தில் மிதித்தது. முட்டைக்கு அதனால் என்ன வித்தியாசம்?

ஏரிக்குப் போக அந்தக் காட்டில் அகலமான பாதை ஒன்று உண்டு. அது பாறைக்குன்றைச் சுற்றிக்கொண்டு போகும். காரை முட்புதர்களுக்கு நடுவே உள்ள சந்தில் புகுந்தாலோ குன்றைச் சுற்ற வேண்டாம். அதனால் பொழுது சாய்ந்ததும் தாகமெடுத்த கூட்டமெல்லாம் அந்தச் சந்தில்தான் தலைதெறிக்க ஓடும். அங்கே குடியிருந்த கீரி ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது. ஆமையின் ஓட்டில் விரிசல் விழுந்திருந்தது.

சிமிழி வனசபைக்குப் போனாள். சபை உச்சிவேளையில் நாவல் மரத்தடியில் கூடும். தலைவர் கடமான். செயலாளர் நரி.

"அது சந்தா, எங்கள் வீடா? எனக்குப் பதில் வேண்டும்!" என்றாள் சிமிழி.

"இப்போதே நேரில் பார்த்துவிடுவோம்" என்று கடமான் எழுந்தது. சபை சந்துக்கு வந்தது. வெயில் கொளுத்தியது. ஒரு வண்ணத்துப்பூச்சி மட்டும் குறுக்கே போனது.

"எங்கே அம்மா எருமை? அமைதியான தெருவாக அல்லவா இருக்கிறது!" என்றது நரி.

"உச்சி வெயிலில் எருமை சேற்றில் கிடக்கும். இதுகூடவா தெரியாது? பொழுது சாயும்போது வந்து பாருங்கள்!"

"மாலையில் சபை கூடுவதில்லை" என்றது நரி.

"ஏன் கூடுவதில்லை?"

"அதுதான் வழக்கம்" என்றது கடமான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சிமிழி மறுபடியும் அதே சந்தில், புதர் ஓரமாக முட்டையிட்டாள். ஒவ்வொரு மாலையும் குளம்புகள் அவள் வாலை உரசிக்கொண்டு போயின. அவள் முட்டைகளின்மேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பாள்.

"வேறு இடம் பார்க்கக் கூடாதா?" என்று கீரி கேட்டது.

"எங்கே போவது அண்ணே? இங்கே இருந்து போனால், அங்கேயும் யாருக்காவது குறுக்குவழி தேவைப்படும்!"

பிறகு அவள் நெடுநேரம் யோசித்தாள். மறுநாள் ஆமையிடம் சொல்லியனுப்பினாள்: "அடைகாக்கிறேன், வர முடியாது. சபைதான் வர வேண்டும்."

வர முடியாதவர் இருக்கும் இடத்துக்குச் சபை போக வேண்டும் என்பது அந்தக் காட்டின் பழைய விதி. இன்னொரு விதியும் உண்டு. குறை சொல்பவர் பேசி முடிக்கும்வரை சபையில் யாரும் எழுந்து போகக் கூடாது.

உச்சிவேளையில் சபை வந்து சந்தின் நடுவே உட்கார்ந்தது. சிமிழி கூட்டைவிட்டு அசையாமல் பேசத் தொடங்கினாள்.

கீரியின் கால் எந்த மழைநாளில் ஒடிந்தது என்று சொன்னாள். விரிசல் வழியே குளிர் ஏறுவதால் ஆமை இரவில் எப்படி முனகுகிறது என்று சொன்னாள். உடைந்த முட்டைகளில் ஒன்றுக்குள்ளிருந்து, அது உடைவதற்கு முதல்நாள்தான் கீச்சென்று சத்தம் கேட்டதைச் சொன்னாள். கடமான் தரையைப் பார்த்தது.

நிழல் நீண்டது.

"சுருக்கமாகச் சொல்லம்மா! முட்டை விவகாரத்தில் நான் அதிகம் பேசுவதும் நன்றாக இருக்காது" என்றது நரி.

"ஆமாம், உங்கள் கட்சி ஊருக்கே தெரியும்!" என்றாள் சிமிழி. கீரி வாய்விட்டுச் சிரித்தது.

கடமான் நெளிந்தது. "தாகமாக இருக்கிறது. நாளைக்குத் தொடரலாமே?"

"நான் இன்னும் முடிக்கவில்லை, தலைவரே. விதி யார் போட்டது?"

"முன்னோர் போட்டது."

"முன்னோர் நன்றாக இருக்கட்டும்! சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்..."

அப்போது தரை அதிர்ந்தது. சந்தின் முனையில் புழுதி எழுந்தது.

"ஐயோ!" என்று நரி முள்ளுக்குள் பாய்ந்தது. கடமானும் துள்ளி எழுந்தது. ஒரே தாவலில் அது தப்பியிருக்கலாம். ஆனால் காலடியில் கௌதாரி இருந்தாள். சிறகை விரித்து, கண்ணை இறுக மூடி, முட்டைகளின்மேல் படுத்திருந்தாள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. "தினமும் இப்படித்தான் தலைவரே, தினமும் இப்படித்தான்!"

கடமான் தாவவில்லை. கொம்பைத் தாழ்த்தி, சந்தின் நடுவே கால் ஊன்றி நின்றது.

முன்னால் வந்த எருமை மூச்சிரைக்க, கடமானின் மூக்குக்கு நேரே வந்து நின்றது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டன.

"தலைவரே, நீங்களா!" என்றது எருமை. "இன்றைக்கு என்ன நின்றுவிட்டீர்கள்? எப்போதும் எங்களுக்கு முன்னால் அல்லவா இந்தச் சந்தில் பறப்பீர்கள்!"

முள்ளுக்குள் இருந்து நரி தலையை நீட்டித் தலைவரைப் பார்த்தது. மாலையில் சபை ஏன் கூடுவதில்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

சிமிழி மெல்லக் கண்ணைத் திறந்தாள். முட்டைகளை அலகால் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இளஞ்சூடாக, முழுசாக இருந்தன.

"நான் பேசி முடித்துவிட்டேன்" என்றாள். "அன்றைக்குக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இது சந்தா, எங்கள் வீடா?"

கடமான் கொம்பை உயர்த்தாமலே பதில் சொன்னது: "வீடுதான் அம்மா. இனி எருமையானாலும் மானானாலும் குன்றைச் சுற்றித்தான் போக வேண்டும், முதலில் சுற்றப் போவது நான். அநியாயம் நடக்கும் நேரத்தில், குறைப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவனுக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை."