சவரி கேட்ட சத்தம்

காட்டின் நடுவே ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில். அதைக் கட்டிய மனிதர்கள் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பீடமும் சிலுவையும் மணியும் மட்டும் அப்படியே நின்றன. காட்டு விலங்குகளும் பறவைகளும் அதையே தங்கள் பங்குக் கோயிலாக ஆக்கிக்கொண்டன. ஞாயிறுதோறும் விடியலில் மணி அடிக்கும். ஏரிப்பனி சன்னல் வழியாக உள்ளே நுழையும். பனிக்குள் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வந்து உட்காருவார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் கடைசியாக உட்காருகிறவன் சவரி. சவரி ஓர் அலங்கு. எறும்புதின்னி என்றும் சொல்வார்கள். உடம்பெல்லாம் செதில், கையில் நீண்ட நகம், வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. இரவெல்லாம் இரை தேடுகிறவன் அவன். மற்றவர்கள் தூங்கி எழுந்து கோயிலுக்கு வருவார்கள். சவரியோ தூங்கப் போகிற நேரத்தில் வருவான். பூசை அவனுக்குப் பாதிக் கனவு மாதிரி இருக்கும். மெழுகுவத்திகள் பனிக்குள் மிதப்பதாகத் தோன்றும். பாட்டு மேலே மாடத்திலிருந்து தேன் வடிகிற மாதிரி இறங்கி வரும்.

அந்த மாடம் கதவுக்கு நேர் மேலே இருந்தது. மரப்பலகைகளால் ஆனது. இரண்டு மரத்தூண்கள் அதைத் தாங்கின. பாடகர் குழு அங்கேதான் நிற்கும். குழுவை நடத்துகிறவன் குயில் அருளப்பன். கண்ணை மூடிக்கொண்டு அவன் பாடினால் ஏரியில் மீன்கள்கூடச் சும்மா நிற்கும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

இயேசு உயிர்த்த நாளுக்கு முன் சாப்பாட்டைக் குறைத்து நோன்பிருக்கும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும் கூழைக்கடாப் பறவையான பங்குச் சாமியார் பீடத்தின் முன் வந்து நின்றார்.

"உயிர்ப்புத் திருநாளுக்கு ஆறு வாரம்தான் இருக்கு. இந்தப் பங்கு என் ஒருத்தனுடைய கோயில் இல்ல. ஆளுக்கு என்ன செய்ய முடியும்னு சொல்லுங்க," என்றார்.

பங்குப் பேரவையின் செயலாளர் மைனா பிலோமி. அவள் வரிசை வரிசையாகத் தாவி வந்து ஒவ்வொருவரையும் கேட்டாள். அருளப்பன் பாட்டு என்றான். அணில்கள் பீடத்துக்குப் பூ கொண்டுவருவதாகச் சொன்னார்கள். முயல்கள் கோயிலைக் கூட்டுவதாகச் சொன்னார்கள். மயில் பவனிக்கு முன்னால் நடப்பதாகச் சொன்னான். கடைசியில் பிலோமி சவரியிடம் வந்தாள்.

"சவரி அண்ணே, நீங்க?"

சவரிக்குத் தூக்கமெல்லாம் போய்விட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குத் தெரிந்தது இரண்டே வேலை. தோண்டுவது, கறையானும் எறும்பும் தின்பது. அதைப் போய்க் கோயிலில் எப்படிச் சொல்வது? அதுவும் தவக்காலத்தில்?

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றான்.

"பரவாயில்ல அண்ணே. நீங்க வந்து உட்கார்ந்தாலே போதும்," என்றாள் பிலோமி. அன்பாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் பறந்துவிட்டாள்.

சவரிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு ஏனோ நெஞ்சில் ஒரு சின்ன இடம் காலியான மாதிரி இருந்தது. அவன் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

காய்ந்த இலைமேல் தூறல் விழுகிற மாதிரி, தூணுக்கு உள்ளே, மிக மெல்லிய ஒரு சத்தம். வேறு யாருக்கும் அது கேட்காது. சவரி பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. கறையான்.

கனவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறும் கேட்டது. இந்த முறை தூறல் மழையாகியிருந்தது. பூசை முடிந்ததும் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தான். அங்கே பிலோமி பவனியைப் பற்றி மயிலோடு பேசிக்கொண்டிருந்தாள். அணில்கள் பூவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'இத்தனை பேருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது?' என்று நினைத்தான். 'வாயைத் திறந்தா, தவக்காலத்துலயும் இவனுக்குத் தின்கிற நினைப்புத்தான்னு சிரிப்பாங்க.' பனிக்குள் நடந்து வளைக்குப் போய்ப் பந்தாகச் சுருண்டு படுத்துக்கொண்டான்.

மூன்றாம் ஞாயிறு அவன் தூணில் சாயவில்லை. தள்ளி உட்கார்ந்தான். ஆனாலும் காதுக்கு எட்டியது.

நான்காம் ஞாயிறு அது நடந்தது.

அருளப்பன் கண்ணை மூடி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கோயில் முழுக்க வெயில் பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு தூண் மாவாகப் பொடிந்து சரிந்தது. மாடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிட்டுக்குருவிகள் பறந்து தப்பினார்கள். அணில் பிள்ளைகள் உருண்டு விழுந்து எழுந்து ஓடினார்கள். கண் மூடியிருந்த அருளப்பன்மேல் ஒரு பலகை விழுந்தது.

பலகையைத் தூக்கியபோது அவனுக்கு உயிர் இருந்தது. இடது சிறகு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சாமியார் மூலிகை வைத்துக் கொடியால் கட்டினார். எல்லோரும் கோயிலுக்கு வெளியே கூடி நின்றார்கள்.

"இன்னொரு தூணும் அப்படித்தான் இருக்கும். கூரையும் அப்படித்தான் இருக்கும். யாருக்குத் தெரியும்? கோயிலை அடைச்சிடலாம் சாமி. இந்த வருஷம் திருநாள் வேண்டாம்," என்றாள் பிலோமி.

எல்லோரும் தலையாட்டினார்கள். சவரி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தான். சுருண்டு உருண்டு புதருக்குள் போய்விடலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள். அவன் அருளப்பனின் கட்டுப்போட்ட சிறகைப் பார்த்தான். பிறகு முன்னால் வந்தான்.

"எனக்குத் தெரியும் சாமி," என்றான். "கறையான். முதல் வாரத்துலயிருந்தே எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"முதல் வாரத்துலயிருந்தேவா?" என்றாள் பிலோமி. "தெரிஞ்சுமா சும்மா உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமாம்மா."

"ஏன் சொல்லல?" என்று சாமியார் கேட்டார்.

சவரி தரையைப் பார்த்தான். "நான் சொல்ற ஆள் இல்லைன்னு நினைச்சேன் சாமி. வந்து உட்கார்ந்தா போதும்னு சொன்னாங்க. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. தப்பு என்மேலதான்."

பிலோமி அவன் பக்கத்தில் தாவி வந்து உட்கார்ந்தாள். தான் சொன்ன வார்த்தை அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

"பாதி என்மேல இருக்கு அண்ணே," என்றாள் மெதுவாக. "கேட்டுட்டு நிக்காம பறந்துட்டேன்."

கீழே படுத்திருந்த அருளப்பன் தலையைத் தூக்கினான். "அதெல்லாம் அப்புறம் பேசலாம். கூரையில கறையான் இருக்கா, சவரி?"

சவரி உள்ளே போனான். ஒவ்வொரு சுவரிலும் காதை வைத்துக் கேட்டான். பீடத்தின் பக்கம் போனான். பனியும் வெயிலும் கலந்த அந்த வெறுங்கோயிலில் அவன் நகச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு தூணில் ஏறி உத்திரம் வரைக்கும் போய்த் திரும்பி இறங்கினான். அவன் வெளியே வரும்வரை யாரும் அசையவில்லை.

"கூரைக்கு இன்னும் போகல. இந்தத் தூணுக்கு இப்பத்தான் வந்திருக்கு. புற்று கோயிலுக்கு அடியில இருக்கு. ரெண்டு வாரம் கொடுத்தா எடுத்துடுவேன். ஆனா சாமி..."

"என்ன?"

"நான் எடுக்கிறதுன்னா தின்னுதான் எடுக்கணும். தவக்காலம். ஒரு வேளை மட்டும் சாப்பிடறதா நேர்ந்திருக்கேன்."

சாமியாரின் பெரிய அலகுப் பை லேசாக ஆடியது. அவர் சிரிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"நீ நோன்புக்கு வேற ஏதாவது விடு. வயிறு நிறைய வேலை செய்," என்றார்.

சவரி தூக்கத்தை விட்டான். பகலெல்லாம் கோயிலின் அடியில் தோண்டினான். முயல்கள் மண்ணை வாரி வெளியே தள்ளினார்கள். வெளிச்சம் பழகாத கண்கள் கூசின. சில நேரம் தோண்டிக்கொண்டே தூங்கிப்போவான். அப்போது கனவில் ஒரு பெரிய வெள்ளைக் கோயிலுக்கு அடியில் நீந்துகிற மாதிரி இருக்கும். மேலே யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள். விழித்துப் பார்த்தால் தலைமாட்டில் பிலோமி தண்ணீரோடு உட்கார்ந்திருப்பாள். பதின்மூன்றாம் நாள் அவன் புற்றின் அடியில் ராணிக் கறையான் இருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்து அதையும் தின்று முடித்தான். வெளியே வந்து தூணில் காது வைத்துக் கேட்டான். தூறல் நின்றிருந்தது.

ஆனால் மாடம் ஒற்றைத் தூணில் சாய்ந்துதான் நின்றது.

"புதுத் தூணுக்கு மரம் வேணும்," என்றாள் பிலோமி. "அத்தனை பெரிய மரத்தைத் தூக்க நம்ம பங்குல யார் இருக்காங்க?"

"இருக்கார்," என்றான் சவரி.

கதவோரம் உட்காருகிறவனுக்கு வெளியே நிற்கிறவரைத் தெரியும். கோயிலின் வடக்குச் சன்னலுக்கு வெளியே, பனி மூடிய நாவல் மரத்தடியில், ஒவ்வொரு ஞாயிறும் ஒரு யானை நிற்பார். பெயர் மிக்கேல். கதவு அவருக்குச் சின்னது. அதனால் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. உள்ளே வராததால் பிலோமியின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. பூசை முடிகிறவரை தலையைக் குனிந்து நின்றுவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்.

சவரி ஏரியைச் சுற்றி நடந்து அவரிடம் போனான்.

"உங்களுக்கு நம்ம கோயிலைப் பிடிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"பிடிக்காமலா பத்து வருஷமா சன்னல்ல நிக்கேன்?" என்றார் மிக்கேல்.

"அப்ப ஒரு உதவி வேணும்."

மிக்கேல் காதுகளை ஆட்டாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் ஏரிப் பக்கம் திரும்பினார். ஏரித் தண்ணீரில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது.

"என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதே இல்ல," என்றார். "உள்ளேயே வர முடியாத நான் என்ன செய்யன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன் அண்ணாச்சி. அதுல ஒருத்தன் சிறகு போச்சு."

மிக்கேல் காட்டுக்குள் திரும்பி நடந்தார். மறுநாள் காலை பனிக்குள்ளிருந்து, காற்றில் விழுந்து கிடந்த ஒரு வேங்கை மரம் மிதந்து வருவது போல வந்தது. பனி விலகியபோதுதான் அதன் அடியில் தும்பிக்கை தெரிந்தது. கதவு வழியாக மரத்தை உள்ளே தள்ளி, சன்னல் வழியாகத் தும்பிக்கையை நீட்டி அதை நிமிர்த்தினார். சவரி தோண்டிய குழியில் அது போய் உட்கார்ந்தது. மாடம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி நேராகியது.

உயிர்ப்பு ஞாயிறு விடிந்தது. ஏரி முழுக்க வெண்பனி. கோயில் தண்ணீரின்மேல் மிதப்பது போல இருந்தது. சன்னலுக்கு வெளியே மிக்கேல் நின்றார். பிலோமி அவருக்கு எதிரே சன்னல் கட்டையில் உட்கார்ந்து, எப்போது மணிக்கயிற்றை இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாடகர் குழு மாடத்துக்குப் பறந்தும் தாவியும் போய்விட்டது. அருளப்பன் மட்டும் கீழே நின்றான். சிறகு கூடியிருந்தது. ஆனால் இனி அது பழையபடி தூக்காது என்று சாமியார் சொல்லியிருந்தார். அவன் மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

சவரிக்கு அந்தப் பக்கம் போகவே தயக்கமாக இருந்தது. கடைசியில் போனான்.

"அருளப்பா, என்னை மன்னிச்சிடு."

"மன்னிச்சாச்சு," என்றான் அருளப்பன். மாடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "அன்னைக்கு நீ தூண்ல ஏறி உத்திரம் வரைக்கும் போனியே. முதுகுல பாரம் இருந்தா ஏற முடியுமா?"

சவரி அவன் முன்னால் குனிந்தான். அருளப்பன் செதில்களில் கால் பதித்து ஏறி உட்கார்ந்தான். புதுத் தூண் காட்டு மணத்தோடு இருந்தது. நகங்கள் மரத்தில் நன்றாகப் பிடித்தன. பனி அவர்களோடு சேர்ந்து மேலே ஏறியது. கீழே பங்கு மக்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். சவரி யாரையும் பார்க்கவில்லை. முதுகில் இருந்த சின்னப் பாரம் நழுவாதபடி ஒவ்வொரு அடியாக ஏறினான்.

பாதி வழியில் வெளியே மணி அடித்தது. அருளப்பன் மாடத்தை அடையும்வரை காத்திருக்கவில்லை. சவரியின் முதுகில் இருந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தான். பாட்டு அலங்கின் செதில்களுக்குள் புகுந்து எலும்புவரை அதிர்ந்தது. சவரி நிற்காமல் ஏறினான்.

நமக்குக் கொடுக்கப்பட்டது எத்தனை சின்னதாக இருந்தாலும், அது கோயிலுக்கு உதவாது என்று நாமே முடிவு செய்துகொள்ளாமல், எழுந்து நின்று கொடுத்துவிட வேண்டும்.