பாசிப்பொடி வந்த வேளை

விளையாட்டு விடுதியில் தொட்டித் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டிருந்தது. காய்ச்சிக் கொடுங்கள் என்று கேட்ட ஓட்டக்காரி முனீஸ்வரியை, "இது என்ன பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று விரட்டினார் வார்டன் தனஞ்செயன்.

அப்புறம் ஒரு கம்பெனி ஆளுக்கொரு டப்பா கடல்பாசிப் பொடி அனுப்பியது. குடலுக்கு எதிர்ப்புச் சக்தி தருமாம். டப்பாவில் போட்டிருந்தபடி காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்கச் சொன்னார் வார்டன். கொஞ்ச நாளில் எல்லார் வயிறும் தேறிவிட்டது.

கம்பெனி முதலாளியே பார்க்க வந்தார். "பொடியாலதான் தேறினேன்னு மேடையில சொல்லு. இல்லேன்னா மாநிலப் போட்டிக்கு உன் பேர் போகாது" என்றார் வார்டன் முனீஸ்வரியிடம். அவளோ பொடியை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. அவளுடைய அம்மா, மண்டபம் ஊர்க் கடலில் பாசி எடுப்பவள். வீடு முழுக்க அந்த வாடையில் வளர்ந்தவளுக்குப் பாசி என்றாலே குமட்டும்.

மேடை ஏறினாள். "பொடி வந்த பிறகுதான் சார் என் வயிறு தேறிச்சு."

வார்டன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எப்படிம்மா கலக்கிக் குடிச்சே?" என்று ஆசையாகக் கேட்டார் முதலாளி.

"கலக்கலை சார், எனக்கு வாடை ஆகாது. காய்ச்சின தண்ணிய மட்டும் குடிச்சேன்." பிரிக்காத டப்பாவை மேசையில் வைத்தாள்.

முதலாளி டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். "போட்டியில ஜெயிச்சுட்டு வா. வேற என்ன வேணும்?"

"பொடி தீர்ந்தாலும் டப்பா இங்கயே இருக்கட்டும் சார். அது சொன்னாத்தான் வார்டன் கேப்பாரு."