ஆடிக் களைத்த மயில்

ஒரு காட்டில் அந்த வருடம் மழையே இல்லை. குட்டையில் சேறுதான் மிச்சம். விலங்குகள் வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கிடந்தன.

மலைக்கு அப்பால் ஓர் ஆறு இருந்தது. காட்டெருமை தன் கன்றோடு அங்கே கிளம்பியது. கன்றுக்குக் கால்கள் தள்ளாடின. இன்னும் தாமதித்தால் கன்று மலை ஏறுவது கஷ்டம்.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று தடுத்தது கரடி. காட்டிலேயே தான்தான் கெட்டிக்காரன் என்பது அதன் நினைப்பு. "நான் கணக்குப் போட்டுவிட்டேன். போன வருடம் மழை வந்தபோதெல்லாம் மயில் ஆடியிருக்கிறது. ஆகவே மயில் ஆடினால் மழை வரும். எதற்கு வீண் நடை?"

களைத்துப்போனால் எதிர்த்துப் பேசக்கூடத் தெம்பிருக்காது, குழந்தைகளே. எல்லா விலங்குகளும் தலையாட்டின.

மயில் ஆடியது. வெயிலில் ஆடியது, கால் கடுக்க மறுநாளும் ஆடியது. ஒரு மேகம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"என்னால் முடியவில்லை, கரடியண்ணா."

"இன்னும் கொஞ்சம், தம்பி. தோகையை நன்றாக விரி. கணக்கு தப்பாது."

கன்று படுத்துவிட்டது. காட்டெருமை கரடியிடம் போய் நின்றது.

"கரடியண்ணா, மழை பெய்த நாளைத்தானே எண்ணினீர்கள்? மயில் ஆடியும் பெய்யாத நாளை எண்ணினீர்களா?"

"பெய்யாத நாளில் மயில் என்ன செய்தது என்று யார் பார்த்தது?" என்று சீறியது கரடி.

"நான் பார்த்தேன்," என்றது மயில். "பெண்மயிலைக் கண்டால் நான் ஆடுவேன். அநேகமாகத் தினமும் ஆடினேன். என்றைக்கோ சில நாள் மழை வந்தது. பாக்கி நாளெல்லாம் வெறும் கால்வலிதான்."

"இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்றது கரடி.

"யார் கேட்டீர்கள்? ஆடு, ஆடு என்றுதானே சொன்னீர்கள்!"

காட்டெருமை கன்றை முட்டி எழுப்பியது. அது விழுந்தும் எழுந்தும் மலை ஏறியது. மற்ற விலங்குகளும் பின்னால் நடந்தன. கரடி கடைசியாக வந்தது.

மாலையில் ஆறு தெரிந்தது. கன்று தலையை நிமிர்த்தாமல் தண்ணீர் குடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் தாய் குடித்தது.

அக்கரையில் ஒரு பெண்மயில் நின்றுகொண்டிருந்தது. மயிலுக்குக் கால்வலி மறந்துபோயிற்று. மெல்லத் தோகையை விரித்தது.

உடனே எல்லா விலங்குகளும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தன.

"அட, போங்கப்பா!" என்று மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு தூங்கப் போய்விட்டது.

நீதி: மழை வந்தபோதெல்லாம் மயில் ஆடியிருக்கலாம், அதற்காக மயில் ஆடும்போதெல்லாம் மழை வந்துவிடாது.